கொக்கியில் தெரிந்த மனிதர்

பத்தொன்பது வருடம் ஒரு மனிதரோடு சேர்ந்து வேலை பார்த்தேன். அதில் அவர் முகத்தைப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு வருடம் தேறுமா என்பதே சந்தேகம். அவர் மேலே, நான் கீழே. இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்து லாரியில் ஏற்றி அனுப்புகிற கிடங்கு எங்களுடையது. நடுவில் ஒரு உயரமான கிரேன். அதற்குத் தொண்ணூற்றாறு படி ஏணி. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் அதில் ஏறி உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம்தான் இறங்குவார். அதனால் கிடங்கில் எல்லோரும் அவரை மாடிவீட்டுக்காரர் என்றே கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்திருக்கும். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நான் சைகைக்காரன். கீழே நின்று அவருக்குக் கைகாட்டுவது என் வேலை. "எங்க மாப்பிள்ளை கையை ஆட்டியே குடும்பம் நடத்துறார்" என்று என் மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லட்டும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுசாக நீட்டி வீசினால் உடனே நிறுத்து. இந்தக் கடைசிச் சைகையை மட்டும் கிடங்கில் யார் காட்டினாலும், லாரி டிரைவரோ கூட்டிப் பெருக்குகிறவரோ, கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். அதுதான் சட்டம். ஒவ்வொரு சைகைக்கும் மேலேயிருந்து ஒரு ஹாரன் வரும். 'புரிஞ்சுது' என்று அர்த்தம். ஆளுக்கொரு வாக்கிடாக்கி கொடுத்திருந்தார்கள். அதில் அவர் பேசியது மொத்தமே மழை வருகிறது என்று சொல்லத்தான்.

புத்தகத்தில் இல்லாத சைகைகளும் எங்களுக்குள் இருந்தன. நான் காதைச் சொறிந்தால் மேஸ்திரி வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டிவிட்டேன், இழுத்துக்கொள்ளலாம். அவருக்கோ சைகையே வேண்டாம், கிரேனிலிருந்து தொங்கும் கொக்கி போதும். வீட்டில் சண்டை என்றால் கொக்கி கொஞ்சம் வெடுக்கென்று இறங்கும். மகள் ஊரிலிருந்து வந்திருந்தால் பூப்போல வந்து என் தோளருகே நிற்கும். "அண்ணே, நேத்து அண்ணி கூட ஏதாவது தகராறா?" என்று சாயங்காலம் கேட்டால், "உனக்கு யாருடா சொன்னது?" என்று முறைப்பார்.

அண்ணி என்று நான் சொல்வது அவர் மனைவியை. கிடங்கிலிருந்து நாலு தெரு தள்ளி அவர்கள் வீடு. கூண்டிலிருந்து பார்த்தால் அந்த மொட்டைமாடி தெரியும். தினமும் பத்து மணிக்கு அண்ணி துணி காயப்போட வருவார். அந்த ஐந்து நிமிடம் கிரேன் ஒரு காரணமும் இல்லாமல் மெதுவாகச் சுற்றும். எனக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. சிவப்புத் துண்டு தொங்கினால் சீக்கிரம் வரச் சொல்கிறார் என்று அர்த்தமாம். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும் தீராத காதல். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கிடங்கில் வேறு யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். உடை மாற்றும் அறையில் ஆறு மணிக்கு அதைப் போட்டுக்கொள்வார். ஏணி ஏறி, மூச்சு வாங்கி, கூண்டில் உட்கார்ந்து அண்ணி கட்டிக்கொடுத்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் சாப்பிடுவார். ஆறரைக்கு முதல் ஹாரன். ரொம்ப ஒழுங்கான மனுஷன்.

என்னைப் பார்த்து மட்டும் கிண்டல். என் பிளாஸ்க் டீயில் நான் நாலு கரண்டி சர்க்கரை போடுவேன். "டேய், அது டீ இல்ல, பாகு. எறும்பு கூட அதுல நீந்த முடியாது" என்பார்.

அந்த வருடம் புது உத்தரவு வந்தது. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. சர்க்கரை கூடுதலாக இருந்தால் கீழே இறக்கி வாசல் கதவில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. எங்கள் கிடங்கில் விசாரிப்பதைவிடப் பயப்படுவது சுலபம்.

அவரும் அந்த நேரம் பார்த்துக் கோட்டை விட்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போனபோது மாத்திரை அட்டையை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்தும் வாங்கச் சோம்பல். இரண்டு வாரம் மாத்திரையே இல்லை. மருந்துக்கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது எகிறிக் கிடந்தது. மறுபடி மாத்திரையை ஆரம்பித்தார். ஆனால் பரிசோதனைக்கு மூன்றே நாள்தான் இருந்தது. உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து, "கதவைத் திறந்து மூடுற வேலைக்கா நான் பொறந்தேன்? அங்கேருந்து என் வீட்டு மாடி கூடத் தெரியாதேடா" என்றார்.

அப்போது நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது.

"இதுக்கு ஏண்ணே இப்படி உடைஞ்சு போறீங்க? அன்னிக்கு மட்டும் ரெண்டாப் போட்டுக்கங்க. வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க இல்ல, சாப்பிடவும் வேணாம். தன்னால இறங்கிடும். ஒரு நாள்தானே, என்ன ஆயிடப் போகுது?"

பத்தாம் வகுப்பில் மூன்று தடவை கோட்டடித்தவன் வைத்தியம் சொல்கிறான். அவரும் தலையாட்டினார். ஏன் ஆட்டமாட்டார்? பத்தொன்பது வருடமாக நான் கைகாட்டிய பக்கம் திரும்பியவர். நான் காட்டுகிற இடத்தில் ஆபத்து இருக்காது என்பது அவர் உடம்பில் ஊறிப்போன நம்பிக்கை.

அன்றைக்குக் காலையில் ரத்தம் எடுக்கிற வண்டி ஏழு மணிக்கு வருவதாக இருந்தது. அண்ணியிடம், "இன்னிக்குச் சாப்பாடு கட்டாதே, டெஸ்ட் முடிஞ்சு வெளியில பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆறு மணிக்கு, என் கண் முன்னாலேயே, இரண்டு மாத்திரை விழுங்கினார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஏழாயிற்று. ஏழரை ஆயிற்று. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, பதினொன்றாகும் என்று தகவல் வந்தது. வாசலில் ஒன்பது லாரி. மேஸ்திரி கத்த ஆரம்பித்தார்.

"சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ஏறுங்க, வண்டி வந்ததும் கூப்பிடறேன்."

அவர் ஏறினார். நான் தடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதுதான் உண்மை.

எட்டரை வரைக்கும் கொக்கி சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு தயக்கம். நான் இறக்கு என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. ஹாரன் லேட்டாக வந்தது. ஒரு கட்டுக் குழாயை மூன்றாம் வரிசையில் வைக்கச் சொன்னால் நாலாம் வரிசைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். பசியில் எரிச்சலாக இருக்கிறார் என்று நினைத்தேன். வயிற்றைத் தடவிக் காட்டி, வண்டி வந்துவிடும் என்பதுபோல் சிரிக்கக்கூடச் சிரித்தேன். பாவி நான்.

ஒன்பது மணி சுமாருக்கு அடுத்த கட்டு மேலே போயிற்று. லாரி மேல் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நான் மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கிரேன் திரும்பியது. போதும் என்றேன். நிற்கவில்லை. கட்டு டிரைவரின் தலைக்கு நேராக ஆடிக்கொண்டு வந்தது. அந்த ஆட்டம் எனக்குத் தெரியாத ஆட்டம். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கொக்கியை அப்படிப் பார்த்ததில்லை. மேலே இருப்பது அவர் இல்லை, வேறு யாரோ என்று தோன்றியது. இரண்டு கையையும் நீட்டி வீசினேன். தொண்டை கிழியக் கத்தவும் செய்தேன், கேட்காது என்று தெரிந்தும்.

கிரேன் நின்றது. டிரைவர் குதித்து ஓடினார். நான் ஹாரனுக்காகக் காத்திருந்தேன். ஹாரன் வரவில்லை. வாக்கிடாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தேன், அதிலும் குரல் வரவில்லை.

நெம்புகோலில் இருந்து கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும். அவர் என் சைகையைப் பார்த்து நிறுத்தினாரா, கை தானாக நழுவியதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பார்த்து நிறுத்தினார் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே எனக்கு முழங்கால் தந்தியடிக்கும். அன்றைக்கு பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தொண்ணூற்றாறு படி ஏறினேன். பாதியில் ஒரு தடவை கீழே பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். அந்தப் பிளாஸ்க்கை ஏன் எடுத்தேன்? என் பெரியம்மாவுக்கும் சர்க்கரை. திடீரென்று வேர்த்துக் கொட்டி உளறினால் உடனே இனிப்பாக ஏதாவது கொடு என்று அவர் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது ஞாபகம் வந்தது. மூன்று நாள் முன்னால் வந்திருக்க வேண்டிய ஞாபகம்.

கூண்டுக்குள் அவர் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். கண் திறந்திருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "இங்க ஒரு ஆளுக்குத்தான் இடம். நீ யாரு? டிக்கெட் இருக்கா?" என்றார். வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"அண்ணே, நான்தான். வாயைத் திறங்க. முழுங்க முடியுதா? மெதுவா, மெதுவா."

மூடியில் ஊற்றி வாயில் வைத்தேன். முதல் மடக்கு சட்டையில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மூடி முழுக்க. பத்து நிமிடம் இருக்கும். பத்து வருடம் போல இருந்தது. பார்வை மெல்லத் திரும்பி என் முகத்தில் வந்து நின்றது.

"கண்றாவியா இருக்குடா உன் டீ" என்றார்.

நான் அழுதுவிட்டேன்.

இடுப்பில் பட்டை கட்டி அவரை இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மேஸ்திரியும் கூட வந்தார். விரலில் குத்திப் பார்த்தார்கள். அளவு ஏறி, பரவாயில்லை என்கிற இடத்துக்கு வந்திருந்தது. அண்ணி மூச்சு இரைக்க வந்து சேர்ந்தார். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், ஆனால் நிதானம்.

"காலையில எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"ஒண்ணுதான். எப்பவும் போல" என்றார் மாடிவீட்டுக்காரர். சொல்லும்போது என்னைப் பார்த்தார். ஒரு சைகையும் இல்லை, வெறும் பார்வைதான். எனக்குப் புரியாததா? மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார். சர்க்கரை இருப்பது அவருக்கு இப்போது தெரிந்தே போயிற்று. ஆனால் இரண்டு என்று சொன்னால் பரிசோதனையை ஏமாற்றப் பார்த்த கதையும் வெளியே வரும். கூண்டு போய்விடும். மாடி போய்விடும். ஒன்று என்று நின்றால், ஏதோ பசி மயக்கம் என்று முடிந்துவிடும். என் பெயரும் வராது.

"சரி, இப்போ நல்லாச் சாப்பிடுங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

"ரெண்டு" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு போட்டார், டாக்டர். நேத்து ராத்திரிக்கப்புறம் ஒண்ணும் சாப்பிடல. நான்தான் அப்படிப் பண்ணச் சொன்னேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விருப்பமில்லை. டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த மாத்திரையின் வேலை ஒரு டீயோடு முடியாது, மணிக்கணக்கில் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், அதுவும் இரண்டு என்றால் நாளை வரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்றார். சொன்னது போலவே மத்தியானம் ஒரு தடவை இறங்கியது. சாயங்காலம் இன்னொரு தடவை, காலையில் இறங்கியதைவிட மோசமாக. கையில் ஊசி குத்திச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள்.

மறுநாள் டாக்டரம்மா அண்ணியிடம் சொன்னதை நானும் கேட்டேன். "வீட்டுக்கு அனுப்பியிருந்தா சாப்பிட்டுப் படுத்திருப்பார். அசதியில தூங்கறார்னு நீங்களும் எழுப்பாம விட்டிருப்பீங்க." அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணி என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். புது மாத்திரை வாங்க என்றார். எனக்குப் பாடம் நடத்த என்று போன பிறகுதான் தெரிந்தது. மருந்துக்கடை அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த டாக்டர்?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு வேளை மறந்தா மறந்ததுதான், ஐயா. அதுக்காக அடுத்த வேளை ரெண்டாப் போடக்கூடாது. சாப்பாடு தள்ளிப் போகுது, இல்ல சாப்பிடவே போறதில்லைன்னா மாத்திரையை என்ன பண்றதுன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும். வெறும் வயித்துல ரத்தம் எடுக்கறாங்கன்னா, அன்னிக்கு மாத்திரை போடலாமான்னு அதையும் கேக்கணும். கேக்கறதுக்கு என்ன வெக்கம்?" மூச்சு விட்டார். "இன்னொண்ணு சொல்லவா? உங்க கம்பெனி எடுக்கற ரத்தத்துல முக்கியமாப் பார்க்கறது கடைசி ரெண்டு மூணு மாசத்துல சர்க்கரை எப்படி இருந்துதுன்னு காட்டற டெஸ்ட். அன்னிக்குக் காலையில ரெண்டு இல்ல, இருபது போட்டாலும் அதுல ஒண்ணும் மாறாது."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மேல்தான். ஒரு மனுஷனைச் சாவு வரைக்கும் தள்ளியது, பிரயோஜனமே இல்லாத ஒரு தந்திரத்துக்காக.

திரும்பி நடந்து வரும்போது அண்ணி தெரு முனையில் நின்றார். "உங்க மேல கோபம் இல்லாம இல்ல, தம்பி. ரெண்டு போடச் சொன்னதை நான் மறக்க மாட்டேன். ஆனா அங்க எல்லார் முன்னாடியும் ரெண்டுன்னு சொன்னீங்க பாருங்க..." மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மாடிவீட்டுக்காரர் வாசல் கதவுக்கு வந்தார். பயந்தபடியே நடந்தது. ஒரு வித்தியாசம்: நிரந்தரமாக அல்ல, டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அது என் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. கூண்டில் வேறொருவர் உட்கார்ந்தார். நல்லவர்தான், ஆனால் அவர் கொக்கி எப்போதும் ஒரே மாதிரி இறங்கும். அதில் யாரும் தெரியவில்லை.

நான் தினமும் காலையில் வாசலைத் தாண்டும்போது, "வணக்கம்ணே" என்பேன். அவர் குறுக்குக் கம்பியைத் தூக்குவார். கம்பியைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், எனக்குப் பின்னால் வருகிற சைக்கிளைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார். ஒரு நாள் வேண்டுமென்றே இரண்டு தடவை வெளியே போய் உள்ளே வந்தேன். இரண்டு தடவையும் கம்பியைத் தூக்கினார். அவ்வளவுதான். சம்பந்தி சண்டைகூட இத்தனை நாள் நீடிக்காது. நாலு மாதம் அப்படி ஓடியது.

அண்ணிதான் அவ்வப்போது சொல்வார். மாத்திரையை மாற்றிவிட்டார்கள். இது பழையது மாதிரி சர்க்கரையைப் பாதாளத்துக்கு இழுக்கிற வகை இல்லையாம். ஆனாலும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், ஒன்றே ஒன்று. தினமும் விரலில் குத்தி ஒரு நோட்டில் எழுதுகிறார். மேஸ்திரியிடம் தானே போய், "சர்க்கரையை இத்தனை வருஷம் உங்ககிட்ட மறைச்சது தப்பு" என்று சொல்லிவிட்டார். "பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரிஞ்சாத்தானய்யா ஏதாவதுன்னா உதவ முடியும்" என்று மேஸ்திரி கடிந்துகொண்டாராம். அந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு வார்த்தை இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை வாசலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். உடை மாற்றும் அறைக்குள் போனேன். மாடிவீட்டுக்காரர் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். மேல்பையில் இனிப்பு மிட்டாய்ச் சுருள் ஒன்று எட்டிப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தாண்டிப் போய் ஏணியில் கால் வைத்தார். தொண்ணூற்றாறு படியையும் நான் கீழிருந்து எண்ணினேன்.

ஆறரை. என் இடத்தில் போய் நின்றேன். கை தூக்கி ஆரம்பிக்கலாம் என்றேன். ஹாரன் இல்லை. மறுபடி தூக்கினேன். இல்லை. கண் தானாக ஏணியைப் பார்த்தது. பிளாஸ்க் எங்கே என்று கை தேடியது.

அப்போது கூண்டின் பக்கவாட்டு ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. கையில் சாப்பாட்டு டப்பா. மூடியில்லாமல், தலைகீழாக. நன்றாக உதறிக் காட்டினார். முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று மட்டும் காற்றில் சுற்றிச் சுற்றி இறங்கியது. டப்பா உள்ளே போயிற்று. அதே கை திரும்பவும் வெளியே வந்து, எனக்குத் தெளிவாகத் தெரியும்படி, ஒரே ஒரு விரலை நீட்டியது. அசையாமல் அப்படியே பிடித்திருந்தது, நான் பார்த்துவிட்டேன் என்று தெரியும் வரைக்கும்.

ஹாரன் என்னிடம் இல்லையே. வேறு வழி தெரியாமல் நானும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

மேலேயிருந்து ஹாரன் வந்தது. கொக்கி இறங்கி வந்து என் தோளருகே நின்றது.